சுப்புலட்சுமி அம்மாளின் தரம் குறையாத நகல்

எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த விஷயம் முடிச்சூரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளநீர் வடிகால் வாரியத்துக்கு மட்டும் தெரியாது. வாரியத்துக்குத் தெரியவேண்டுமானால் தண்ணீர் முறைப்படி எம்பெக் என்கிற வீடியோ ஃபார்மட்டில் வந்திருக்க வேண்டும். எங்கள் தண்ணீருக்கு அந்த விவரமெல்லாம் போதாது. அதுபாட்டுக்கு வாசல்படி ஏறி வந்துவிட்டது.

நான் ஜெபகுமார். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அடுத்த வீடு மாணிக்கவேல் அண்ணன். தாம்பரம் ஏற்றுமதி வளாகமான மெப்ஸில் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷன். கையில் ஃபைலோடு யாராவது எதிரே வந்தால் தூக்கிக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிற ரகம். அவருடைய அம்மா சுப்புலட்சுமி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து படுக்கைதான். இடுப்புதான் படுத்ததே தவிர வாய் தெரு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதைப் படுத்தபடியே சொல்லிவிடுவார்.

தெருக்கோடியில் ஏரியின் உபரிநீர் போகிற கால்வாய் ஒன்று உண்டு. அதாவது, வரைபடத்தில் உண்டு. தரையில் அதன் குறுக்கே ஒரு கல்யாண மண்டபம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டது. மண்டபத்துக்குள் போகப் பத்திரிகை கிடைக்காத தண்ணீர், திரும்பி எங்கள் வீடுகளுக்கு வந்தது. நாங்கள் அதற்குப் பத்திரிகை எதுவும் வைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழையில் தண்ணீர் மார்பு வரை ஏறியது. சுப்புலட்சுமி அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு நாலு பேர் தெருவைக் கடந்தோம். முன்கால்கள் மாணிக்கவேல் அண்ணனும் ஆட்டோ ஓட்டுகிற மதியழகனும்; பின்கால்கள் நானும் தெருமுனை டைலர் தாவீதும். பாதி வழியில் மதியழகன் ஒரு குழிக்குள் காலை விட்டான். கட்டில் சாய்ந்தது. அம்மாவின் தலை ஒரு நிமிஷம் தண்ணீருக்குள் போய்விட்டு வந்தது. அக்கரை சேர்ந்ததும் மாணிக்கவேல் அண்ணன் பனியனால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "இன்னொரு மழையில இப்படி ஆனா அம்மா தங்க மாட்டாங்க ஜெபா" என்றார். அடுத்த மழைக்குள் அந்தச் சுவரை இடிக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதையெல்லாம் தனசேகர் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வீடியோ எடுத்திருந்தான். கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் சின்னக் கடை. மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிற மிக்ஸிங் வேலையில் தென்சென்னையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளத்தையும் அவன் அதே சிரத்தையோடு எடுத்திருந்தான். அம்மாவின் மூக்குத்தி மின்னுவது தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மார்பளவு, அந்தப் பக்கம் கணுக்காலளவு என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. ஐந்து நிமிஷப் படம். பார்த்தால் கல்லும் எழுந்துபோய்ச் சுவரை இடிக்கும்.

"சோகப் பாட்டு ஒண்ணு கோத்துடட்டுமாண்ணா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்த சித்திரையில்தான் தென்புறநகர் வெள்ளநீர் வடிகால் குறைதீர் வாரியம் என்று ஒன்று தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு கட்டடத்து மாடியில் திறக்கப்பட்டது. அதில் காட்சி ஆதாரப் பிரிவு என்று தனியாக ஓர் அறை. இனிமேல் மனு எழுதி அலையவேண்டாம், ஆக்கிரமிப்பை வீடியோவாகக் கொடுத்தால் போதும், உடனே நடவடிக்கை என்று சொன்னார்கள். மாணிக்கவேல் அண்ணன் அன்றைக்கே அரைநாள் லீவு போட்டார். நானும் தனசேகரும் கூடப் போனோம்.

உள்ளே சுவர் முழுவதும் எழுதியிருந்தது: 'தரம் குறையா மாற்றமே எங்கள் தாரக மந்திரம்.' அதன் கீழே உதவி இயக்குநர் ஸ்ரீநிவாசன். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் திறப்பு விழாப் பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம். உறையைக் கழற்றினால் பொட்டு அழிந்துவிடும் என்பதால் யாரும் கழற்றுவதில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

மாணிக்கவேல் அண்ணன் வீடியோ கேசட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது அசலா, நகலா?"

"அசல் சார்" என்றார் அண்ணன், பெருமையாக.

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

"சார்?"

"மார்க் ஷீட்டை யாராவது அசலா குடுப்பாங்களாய்யா? நகல்தானே குடுப்பீங்க. அசல் எப்பவும் உங்ககிட்டதான் இருக்கணும். எங்க கையில இருந்து தொலைஞ்சுபோச்சுன்னா யார் பதில் சொல்றது? நகல் கொண்டாங்க. எம்பெக் ஃபார்மட், சிடியில. ஆனா ஒண்ணு, மாத்தும்போது தரம் குறையக் கூடாது. மத்த ஆபீஸ்ல என்னமோ பண்ணிக்கட்டும். இங்க தரம்னா தரம்."

அவருக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருந்தது. 'தரம்' என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

தனசேகருக்கு மகா சந்தோஷம். தன் தொழிலின் அருமை தெரிந்த ஓர் அதிகாரி என்று நினைத்துவிட்டான். கடைக்குத் திரும்பியதும் எங்களை உட்காரவைத்து விளக்கினான். "வீடியோவை மாத்தறது துணி துவைக்கிற மாதிரிண்ணா. ஒவ்வொரு துவைப்புக்கும் கொஞ்சம் சாயம் போகும். அசல்லருந்து ஒரே தடவை, அவசரப்படாம, சைஸைப் பார்த்துப் பயந்து குறைக்காம மாத்தினா ஒண்ணும் ஆகாது. நகல்லருந்து நகல், அதுலருந்து நகல்னு எடுத்தாதான் போச்சு." மத்தியானம் ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அவன் கம்ப்யூட்டர் இரைந்தது. ஒரு கல்யாண ஆல்பத்தையே தள்ளிப்போட்டான். வந்த சிடியைப் போட்டுப் பார்த்தோம். மூக்குத்தி அப்படியே மின்னியது.

இந்தத் தடவை சிடியை வாங்கியவர் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் அருள்மேரி. எடை அளவுப் பிரிவில் பல வருஷம் தராசு முத்திரை போட்டுவிட்டு மாற்றலாகி வந்தவர். தராசில் ஒரு கடைக்காரனும் அவரை ஏமாற்றியதில்லையாம். வரும்போது தன் சின்னத் தராசையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"யார் மாத்தினது?"

"நான்தான் மேடம்" என்றான் தனசேகர்.

"நீங்க மாத்தறப்ப யார் பார்த்தாங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள நடக்கறது மேடம். அதை எப்படிப் பாக்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். உள்ள போன படம் வேற, வெளிய வந்த படம் வேறயா இருந்தா? உள்ள வெச்சு நாலு பக்கெட் தண்ணியைச் சேர்த்திருந்தா?"

மாணிக்கவேல் அண்ணன் பதறிப்போனார். "ஐயோ மேடம், தண்ணியெல்லாம் அங்க ஏற்கெனவே இருந்த தண்ணிதான் மேடம்!"

உள்ளறையிலிருந்து ஸ்ரீநிவாசன் எழுந்து வந்தார். பேசுவதற்கு முன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மாணிக்கவேல், கம்ப்யூட்டர்ங்கறது ஒரு மூடின ரூம். மூடின ரூம்ல நடக்கற எதையும் அரசாங்கம் நம்பாது. அதுக்காகத்தான் நான் ஒரு முறையை உருவாக்கியிருக்கேன். நேரடிச் சாட்சி மாற்று முறை. மாற்றம் அதிகாரியோட கண்ணு முன்னாடி நடக்கும். எல்லாமே வெட்டவெளிச்சம். டெல்லியிலருந்து வந்து பார்த்துட்டு, இந்த மாதிரி நாங்க எங்கயுமே பார்த்ததில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க."

டெல்லிக்காரர்கள் சொன்னது முழு உண்மை என்பதை அடுத்த வாரம் நாங்களும் தெரிந்துகொண்டோம்.

நேரடிச் சாட்சி மாற்று முறை இதுதான். அறையின் ஒரு மூலையில் பழைய டிவி. அதில் எங்கள் சிடியை ஓடவிடுவார்கள். எதிரே முக்காலியில் வாரியத்தின் கேமரா. டிவியில் ஓடுகிற படத்தை அந்தக் கேமரா படம் பிடிக்கும். உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்ப்பார். படம் முடிந்தால் மாற்றம் முடிந்தது. தனசேகர் இதைக் கேட்டதும் என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"சார்... டியூப் லைட்டையாவது அணைச்சிடுங்க சார். கண்ணாடியில அடிக்கும்."

"இருட்டுல பண்ணா சந்தேகம் வரும்" என்றார் ஸ்ரீநிவாசன். "ஃபேனும் ஓடட்டும். வேர்க்குது."

படம் ஓடியது. டிவிக் கண்ணாடியில் டியூப் லைட் பட்டை அடித்து, தெரு முழுவதும் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. மேலே மின்விசிறியின் இறக்கை சுற்றிச் சுற்றி எங்கள் நாலு பேர் தலையையும் வெட்டிக்கொண்டே இருந்தது. நன்றாகப் பார்க்கவேண்டும் என்ற கடமையுணர்ச்சியில் ஸ்ரீநிவாசன் டிவிக்கு அருகே போய்க் குனிந்தார். காம்பவுண்டுச் சுவர் இருந்த இடத்தில் அவர் வழுக்கை வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் உதவியாளர் புஷ்பம் டீ கொண்டுவந்தார். தட்டோடு டிவிக்கும் கேமராவுக்கும் நடுவே அவர் நடக்க, கண்ணாடியிலும் அவர் உருவம் விழுந்தது. மார்பளவு வெள்ளத்தின் மேல் ஒரு பெண்மணி ஏழெட்டு டம்ளர்களோடு நிதானமாக நடந்துபோனார். எங்கள் சர்ச்சில் இதைப் போட்டுக் காட்டியிருந்தால் ஒரு வாரம் உபவாசக் கூட்டம் நடத்தியிருப்பார்கள்.

முடிந்ததும் அருள்மேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பன்னெண்டு செகண்ட் உள்ள போச்சு. அஞ்சு நிமிஷம் பன்னெண்டு செகண்ட் வெளிய வந்திருக்கு. ஒரு செகண்ட் கூடக் குறையல."

பிறகு தராசை எடுத்தார். பழைய சிடியை ஒரு தட்டிலும் புதிய சிடியை மற்ற தட்டிலும் வைத்தார். முள் நடுவில் நின்றது.

"துளிகூடத் தரம் குறையல சார்."

ஸ்ரீநிவாசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேடம், படம் வெளுத்துப்போச்சே மேடம்" என்றான் தனசேகர். அழுகிற குரலில்தான் சொன்னான்.

"நீங்க கண்ணால பார்த்துச் சொல்றீங்க. நான் தராசு வெச்சுச் சொல்றேன். எது சரி?"

அதோடு விட்டார்களா? நகல் என்றால் மெய்நகல் என்று சான்றளிக்க வேண்டும். காகித நகலானால் மூலையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் தீர்ந்தது. ஓடுகிற படத்துக்கு எங்கே குத்துவது? அதற்கும் ஸ்ரீநிவாசனிடம் வழி இருந்தது. கண்ணாடித்தாளில் ஸ்டாம்பைக் குத்தி, அதை டிவியின் நட்டநடுவில் பசை டேப்பால் ஒட்டி, புதிய சிடியை ஓடவிட்டு, மறுபடியும் கேமராவால் பிடித்தார்கள். முதல் ஸ்டாம்ப் சரியாக விழவில்லை என்று இன்னொன்று குத்தினார்கள். சுப்புலட்சுமி அம்மாவின் முகத்தின் மேல் 'மெய்நகல்' என்று நீல மையில் எழுதியிருந்தது. மறுபடியும் தராசு. மறுபடியும் முள் நடுவில்.

அடுத்து, படத்தைத் தலைமை அலுவலகத்துக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். இவ்வளவு பெரிய படம் போகாது என்று அதைச் செல்ஃபோனில் பார்க்கிற த்ரீஜிபி ஃபார்மட்டுக்கு மாற்றினார்கள். படம் தீப்பெட்டி அளவுக்கு வந்தது. மாணிக்கவேல் அண்ணன் மூக்கைத் திரையில் இடித்துக்கொண்டு தன் தாயைத் தேடினார்.

"சார், ரொம்பச் சின்னதாயிடுச்சே சார்."

"சின்னதானா தரம் கூடும்யா" என்றார் ஸ்ரீநிவாசன் கனிவாக. "சின்னப் படத்துல குறையே தெரியாது, பாரும்."

தலைமை அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டத்துக்காக அந்தத் தீப்பெட்டியைச் சுவரளவுக்குப் பெரிதாக்கினார்கள். இதற்குள் சித்திரை போய் ஆவணி வந்துவிட்டது. மாணிக்கவேல் அண்ணன் தினமும் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். மேகம் கறுத்தால் சாப்பாடு இறங்காது அவருக்கு.

ஆய்வுக் கூட்டத்துக்கு மனுதாரர் என்ற முறையில் அண்ணனை உள்ளே விட்டார்கள். துணைக்கு நானும் போனேன். நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், முந்திரி பக்கோடாவோடு. விளக்கை அணைத்தார்கள். சுவரில் படம் விழுந்தது.

அதில் என்ன தெரிந்தது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறத்தில் அகலமாக, வழவழவென்று ஒரு பரப்பு. அதன் மேல் கட்டம் கட்டமாக நாலு உருவங்கள். அவற்றின் தோளில் நீளமாக ஏதோ ஒன்று. அதன் மேல் நீல வட்டம், பூ மாலை போல. கட்டிலின் பின்காலைத் தோளில் சுமந்த என்னாலேயே என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரோடு ரொம்ப நீட்டா இருக்கே" என்றார் தலைமையில் இருந்தவர்.

"அது தண்ணிங்க சார்" என்றார் மாணிக்கவேல் அண்ணன்.

"தண்ணின்னா அலை இருக்குமேய்யா. இது சமமால்ல இருக்கு. நல்லா தார் போட்டிருக்காங்க."

"சார், தண்ணிதான் சார், நாங்க நடந்தோமே..."

"நடந்தீங்கல்ல? தண்ணியில எப்படி நடப்பீங்க? சரி, அந்த நாலு பேர் தோள்ல என்ன?"

"எங்கம்மா சார்."

தலைமையில் இருந்தவர் பக்கோடாத் தட்டைத் தள்ளிவைத்தார். எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். ஸ்ரீநிவாசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். ஒரு நிமிஷ மௌன அஞ்சலி. எனக்கு வந்தது சிரிப்பா கோபமா என்று இன்றைக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் மாணிக்கவேல் அண்ணனும் கைகட்டித் தலைகுனிந்து நிற்கிறார்.

வெளியே வந்து சத்தம் போட்டேன். "ஏண்ணா நீங்களும் நின்னீங்க?"

"எல்லாரும் எந்திரிச்சாங்க ஜெபா, நானும் எந்திரிச்சேன். பாதியிலதான் ஆகா இது நம்ம அம்மாவாச்சேன்னு தோணுச்சு. நடுவுல உக்காந்தா மரியாதையா இருக்காதுல்ல?"

முடிவு தபாலில் வந்தது. 'காட்சி ஆதாரத்தைத் தரம் குறையாத நிலையில் ஆய்வு செய்ததில், மனுதாரரின் தாயாரது இறுதி ஊர்வலம் எவ்விதத் தடையுமின்றிச் செல்லுமளவுக்குச் சாலை செவ்வனே பராமரிக்கப்பட்டிருப்பது தெரியவருகிறது. சுவரினால் இடையூறு ஏதுமில்லை. மூதாட்டியின் மறைவுக்கு வாரியம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.'

தபால்காரர் அதைக் கொடுத்தது சுப்புலட்சுமி அம்மாவின் கையில். வாசல் பக்கம் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார்.

"மூதாட்டியாம்ல! பாரேன் எடுபட்ட பயலுங்களை. எனக்கு என்ன அவ்ளோ வயசாயிடுச்சு?" என்று என்னைக் கேட்டார். அப்புறம் கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். "செத்தது கெடக்கட்டும், விடு. செவுரு என்னாச்சு?"

சுவர் அப்படியே இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கட்டிலை மதியழகன் ஏற்பாடு செய்த லோடு ஆட்டோவில் ஏற்றினோம். சானடோரியத்தில் இறக்கி, அதே நாலு பேர், அதே தோள்கள், மாடிப்படி ஏறி, காட்சி ஆதாரப் பிரிவின் நடுவில் கட்டிலை வைத்தோம். தனசேகர் பின்னாலேயே வந்தான். ஸ்ரீநிவாசன் எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நான் செத்துட்டேனாமே?" என்றார் சுப்புலட்சுமி அம்மா.

"ஃபைல் பிரகாரம் ஆமாம்மா" என்றார் ஸ்ரீநிவாசன் மரியாதையாக.

"என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"நல்லா தெரியுதும்மா. பளிச்னு தெரியறீங்க. அதாம்மா சிக்கலே. நீங்க அசல். அசலை நாங்க வாங்கறதில்ல."

மதியழகனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் சாரு, இன்னா வெளாட்றியா? அம்மா உன் எதுர்ல படுத்துகினு பேசிகினு கீது. கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு?"

"நீங்க எமோஷனல் ஆகறீங்க" என்றார் ஸ்ரீநிவாசன். "நான் தனிப்பட்ட முறையில அம்மா இருக்காங்கன்னு நம்பறேன். ஒரு மனுஷனா எனக்குச் சந்தோஷம். ஆனா ஒரு அதிகாரியா நான் பார்க்கறதை நானே நம்பிட்டா, அப்புறம் இந்தப் பிரிவு எதுக்கு? இந்த டிவி எதுக்கு, கேமரா எதுக்கு, மேடம் எதுக்கு?"

மேடம் தராசோடு தயாராகத்தான் இருந்தார். ஆனால் அம்மாவின் பழைய எடை யாரிடமும் இல்லாததால் ஒப்பிட வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

"மேல்முறையீடு பண்ணுங்க" என்றார் ஸ்ரீநிவாசன். "அம்மா உயிரோட இருக்கறதை ஒரு வீடியோ எடுத்து, எம்பெக்ல..."

தனசேகர் வெளியே போய்விட்டான். போகும்போது கதவை ஓங்கிச் சாத்தினான்.

"அதுக்குள்ள மழை வந்துட்டா?" என்று கேட்டார் மாணிக்கவேல் அண்ணன். கூட்டத்தில்கூட எழாத குரல் அன்றைக்கு எழுந்தது. "மழை வந்துட்டா எங்கம்மாவை என்ன சார் பண்றது?"

"மழை வந்தா நல்லதுதானே? புதுசா ஒரு வீடியோ எடுக்கலாம்."

ஐப்பசியில் மழை வந்தது. ஒரு நாள் விடியும்போது பிடித்து, மத்தியானம்வரை விடாமல் அடித்தது. ஏரி நிறைந்து, கால்வாய் நிறைந்து, தண்ணீர் மண்டபத்துச் சுவரில் முட்டித் திரும்பி, முழங்கால், தொடை என்று எங்கள் தெருவில் ஏறியது. நாலு பேரும் யாரும் கூப்பிடாமலேயே மாணிக்கவேல் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலைத் தூக்கினோம். சுவர்ப் பக்கத்தில் ஒரு மினி லாரி ஓட முடியாமல் நின்றிருந்தது. அதைத் தாண்டும்போது அம்மா, "நில்லுங்கடா" என்றார்.

"அம்மா, தண்ணி ஏறுதும்மா."

"ஏறட்டும். என்னை இந்த லாரி மேல ஏத்து. வருஷா வருஷம் என்னைத் தூக்கிக்கிட்டே திரிவீங்களா? தூக்கற கைக்கு இடிக்கத் தெரியாதா?"

யாரும் அதை அதுவரை யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. வீடியோ, ஃபார்மட், தரம் என்று பேசிப் பேசி, சுவர் என்பது செங்கல்லால் ஆனது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

கட்டிலை லாரியின் பின்தட்டில் ஏற்றினோம். தாவீது தன் குடையை அம்மாவின் கையில் கொடுத்தான். மதியழகன் கடப்பாரை தேடி ஓடினான். தெருவே திரண்டுவிட்டது. அண்ணனின் மனைவி ஜெயஸ்ரீ அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தனசேகர் பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் பை சுற்றிய கேமராவோடு நின்றான். லாரி மேலிருந்து குரல் வந்தது:

"டேய் தனசேகரு! அந்த சனியனை உள்ள வெச்சுட்டு வந்து இடிடா!"

வைத்துவிட்டு வந்தான். அவன் இடித்த வேகத்தைப் பார்த்து நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம். ஒவ்வோர் அடிக்கும் "எம்பெக்கு! எம்பெக்கு!" என்று கத்திக்கொண்டே இடித்தான். அம்மா குடையை ஒரு கையில் பிடித்து மற்ற கையை நீட்டி, "அங்க இல்லடா, கீழ, கீழ" என்று இடம் காட்டினார். முதல் கல் பெயர்ந்ததும் மிச்ச வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. சுவர் நடுவில் வாயைத் திறந்தது. எங்கள் தெருத் தண்ணீர் முழுவதும் மண்டபத்துப் புல்வெளியைத் தாண்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை முன்னே ஓட்டிக்கொண்டு தன் பழைய வழியில் போனது. சாயங்காலத்துக்குள் தெருவில் தரை தெரிந்தது. மாணிக்கவேல் அண்ணன் சேற்றில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வாரமே வாரியத்திலிருந்து ஆள் வந்து எங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரீநிவாசன் மேஜைமேல் ஒரு செல்ஃபோன் இருந்தது. மண்டபத்து வாட்ச்மேன் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். பாதித் திரையில் அவன் கட்டைவிரல். மீதியில் மழை. கை நடுங்கி, எல்லாம் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டிருந்தது. அதில் நாங்கள் இருந்தோம் என்றால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஸ்ரீநிவாசன் ஒவ்வொருவராகக் காட்டினார். "இது நீங்க, ஜெபகுமார். கையில மண்வெட்டி. இது டைலர் தாவீது. இது ஆட்டோ டிரைவர். அம்மிக்குழவியோட நிக்கறது ஜெயஸ்ரீ. மஞ்சச் சட்டை, தனசேகர். மண்டபத்துச் சுவருக்குச் சேதம் விளைவிச்சதா கேஸ் போட்டாச்சு."

"சார், இது த்ரீஜிபி" என்றான் தனசேகர். அவன் குரல் தழுதழுத்தது. "எம்பெக் இல்ல. நகல் இல்ல, மெய்நகல் ஸ்டாம்ப் இல்ல. நீங்க கண்ணால பார்க்க யாரும் மாத்தல. எடை போட்டீங்களா சார்? தரம்?"

"தரத்துக்கு என்னய்யா குறைச்சல்?" என்றார் ஸ்ரீநிவாசன், நிஜமாகவே புரியாமல். "ஆள் யாருன்னு தெரியுதுல்ல?"

அருள்மேரி மேடத்தின் தராசு மேல் துணி போர்த்தியிருந்தது.

சம்மனை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் படித்துக் காட்டினோம். முதல் எதிரி: சுப்புலட்சுமி, முடிச்சூர். லாரியின் மேல் கட்டிலில் படுத்தபடி குடையோடு கை நீட்டி மற்ற எதிரிகளை ஏவியவர். மாணிக்கவேல் அண்ணன் அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அம்மா பயப்படுவார் என்று நினைத்தார் போலும்.

"என் பேரா மொதல்ல போட்டுருக்கான்?"

"ஆமாம்மா."

"இன்னொரு தடவை படி."

படித்தார். சுப்புலட்சுமி அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஏ ஜெயா, பெட்டியில அந்த அரக்குப் பட்டு இருக்குல்ல, அதை எடுத்து வெயில்ல போடு. கோர்ட்டுக்கு அதைத்தான் கட்டிக்கிட்டுப் போவேன். வெளுத்த பொடவையோட போய்ப் படுத்தா மறுபடியும் செத்துட்டேன்னு எழுதிடுவானுங்க."